தாவர இழையில் மாப்பிள்ளை கோட்: நம் கடற்கரைக்கு எந்தத் துணி, எந்தத் தையல்?

பாம்பன் அக்கா:

வணக்கம். என் தம்பிக்கு மே மாத நடுவில் தங்கச்சிமடம் தேவாலயத்தில் திருமணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் சித்தப்பா, மாமா எல்லாரும் அப்போதுதான் கரையில் இருப்பார்கள் என்று அந்த நாளைக் குறித்திருக்கிறோம். மாப்பிள்ளை கோட் சூட் அணிவது எங்கள் வீட்டு வழக்கம். அதை விட்டுவிடும் எண்ணம் அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் பாலியெஸ்டர் கோட்டுக்குள் மாப்பிள்ளைகள் திருப்பலி முடிவதற்குள் தொப்பலாக நனைந்து நிற்பதைப் பார்த்துப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்னொரு காரணம் கடல். பாலியெஸ்டர் துணியைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இழைத் துணுக்குகள் கழன்று வாய்க்கால் வழியாகக் கடலுக்குத்தான் வருகின்றன. வலையில் மீனோடு பிளாஸ்டிக் ஏறுவதைத் தினமும் பார்க்கிற வீட்டில், அதையே காசு கொடுத்து வாங்கி உடுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடைகளில் மூன்று வகை காட்டினார்கள். லினன் என்று ஒன்று, மெல்லியதாக இருக்கிறது. மூங்கில் துணி, நூற்றுக்கு நூறு இயற்கை என்று ஒன்று. பருத்தியில் தைத்த ரெடிமேட் சூட் ஒன்று; அதன் உள்துணி வழுவழுவென்று பளபளக்கிறது. எதை நம்புவது? அழகில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. கையில் இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

கீழக்கரை காக்கா:

வாழ்த்துகள் சகோதரி. வளைகுடாவில் பல ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: லினன்தான், ஆளிச் செடியின் நாரில் நெய்த துணி. அங்கேயும் கடலோரப் புழுக்கம், இங்கேயும் அதே புழுக்கம். எங்கள் பக்கம் நிக்காஹ்வுக்கு கோட் அணியும் மாப்பிள்ளைகளிடமும் இதையே சொல்லி வருகிறேன்.

ஆனால் நீங்கள் பார்த்த மெல்லிய லினன் சட்டைத் துணியாக இருக்கும். அதில் கோட் தைத்தால் தோளில் தொங்கும், முழங்கையில் பை விழும். கோட்டுக்கு ஒரு சதுர மீட்டர் 250 முதல் 300 கிராம் எடையுள்ள லினன் வேண்டும். கனமான துணி வெயிலில் சுடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நெசவு சற்றுத் தளர்வாக இருந்தால் கனமான லினனிலும் காற்று நன்றாக நுழையும். சுருக்கமும் அதில் அகலமாக, மெதுவாக விழும். மெல்லிய லினனில்தான் கசக்கிய காகிதம்போல் கூர்மையாக விழும். சுருக்கமே இல்லாத லினன் என்று யாராவது விற்றால் அதில் என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அரண்மனைவாசல் தையல்:

தங்கச்சி, நான் இராமநாதபுரத்தில் கோட் தைக்கிறவன். என் அப்பாவும் கோட் தைத்தவர். காக்கா சொன்ன எடைக் கணக்கு சரி. ஆனால் எல்லாரும் வெளித்துணியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு கோட்டின் பாதி உள்ளே இருக்கிறது. நீங்கள் பார்த்த பருத்தி சூட்டின் பளபளப்பான உள்துணி பாலியெஸ்டர் லைனிங். அதை முழு லைனிங்காகப் போட்டுவிட்டால் வெளியே பருத்தி இருந்து என்ன பயன்? வியர்வை அந்த லைனிங்கைத் தாண்டிப் பருத்திக்குப் போய்ச் சேராது. தம்பி அப்போதும் நனைந்துதான் நிற்பார்.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன். மார்புப் பகுதியை நிமிர்த்தி நிறுத்துவது கேன்வாஸ். இன்று விலை குறைந்த கோட்களில் பசை தடவிய கேன்வாஸைச் சூடு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பசை காற்றை அடைக்கும். நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் சில ஆண்டுகளில் பசை விட்டு, மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பிறகு எந்த இஸ்திரிக்கும் அடங்காது. அதனால் தைத்துப் பிடிக்கும் கேன்வாஸ் கேளுங்கள். பழைய முறையில் அதில் கம்பளியும் குதிரை முடியும் கலந்திருக்கும். தாவர இழை மட்டும் வேண்டும் என்றால் பருத்தி அல்லது லினன் கேன்வாஸ் போடலாம். குதிரை முடியின் துள்ளல் அதில் வராது, மார்பு சற்று மிருதுவாக விழும். லினன் கோட்டுக்கு அந்த மிருதுதான் அழகு.

தோளுக்குள் வைக்கும் பேட் பெரும்பாலும் பஞ்சுபோன்ற பிளாஸ்டிக் நுரை. தம்பிக்கு இயல்பாகவே தோள் இருந்தால் அதை எடுத்துவிடலாம். இறக்கமான தோள் என்றால் பருத்திப் பஞ்சை அடுக்கி மெல்லியதாக வைக்கலாம். காலருக்கு அடியில் வைக்கும் துணி வழக்கமாகக் கம்பளி. அதற்குப் பதில் கோட் துணியையே கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாக வெட்டி வைத்தால் போதும். பொத்தானுக்குச் சிரட்டைப் பொத்தான் இருக்கிறது, தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை கிடைக்கும். வெண்மை வேண்டும் என்றால் தென்னமெரிக்காவில் விளையும் தாகுவா என்ற பனையின் கொட்டையில் செய்த பொத்தான் உண்டு. தந்தம்போலவே இருக்கும், சாயமும் ஏறும்.

லைனிங் பற்றி. முதுகுக்கு லைனிங்கே வேண்டாம். கைக்கும் தோளுக்கும் மட்டும் வையுங்கள், இல்லையென்றால் கோட்டைப் போட்டுக் கழற்றும்போது சட்டையில் பிடிக்கும். லைனிங் இல்லாத கோட்டைத் தைப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். உள் தையல் எல்லாம் வெளியே தெரியும் என்பதால் ஒவ்வொரு ஓரத்துக்கும் கிராஸ் பட்டி வைத்துக் கட்ட வேண்டும். அதற்குக் கூலி கூடும். எந்தத் தையல்காரராவது லைனிங் இல்லாததற்கு விலையைக் குறைத்தால், அந்தப் பட்டியை அவர் வைக்கப்போவதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

திருப்பூர் ஆய்வகம்:

நான் தேவிபட்டினத்துப் பெண். திருப்பூரில் துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அக்கா கேட்ட மூங்கில் துணி பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில்தான் மக்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள்.

கடையில் மூங்கில் என்று விற்கும் மென்மையான துணியில் மிகப் பெரும்பாலானது விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, மீண்டும் இழையாக இழுக்கிறார்கள். கார்பன் டைசல்ஃபைடு ஆலைத் தொழிலாளர்களின் நரம்பைப் பாதிக்கும் பொருள். மூலம் தாவரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூங்கிலின் குணம் எதுவும் அந்த இழையில் மிஞ்சுவதில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009-லிருந்து இதை எதிர்த்து நடவடிக்கை எடுத்து வருகிறது. 2022-இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் விஸ்கோஸை மூங்கில் என்று விற்றதற்காக மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

மரக்கூழிலிருந்தே செய்யும் இன்னொரு இழை லையோசெல். டென்செல் லையோசெல் என்ற பெயரில் ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் விற்பது அதுதான். அதில் கூழைக் கரைக்கும் கரைப்பானை 99 சதவீதத்துக்கும் மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். விஸ்கோஸ் நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும், லையோசெல் அவ்வளவு இழக்காது. லினனோ நனைந்தால் இன்னும் வலுவாகும். வியர்க்கும் ஊருக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம். லினனோடு லையோசெல் கலந்த துணி கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். சுருக்கம் குறையும், துணி நீரோட்டம்போல் வழிந்து விழும்.

ஈரத்தை உறிஞ்சும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான பரிசோதனைச் சூழலில் லினன் தன் எடையில் சுமார் 12 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்கும், பருத்தி சுமார் 8 சதவீதம், பாலியெஸ்டர் 0.4 சதவீதம். மாப்பிள்ளைகள் ஏன் நனைந்து நிற்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

கடையில் துணி வாங்கும்முன் ஓரத்திலிருந்து நான்கு இழை கேட்டு வாங்கி, வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்துக் கெட்டியான மணியாகச் சுருளும். கலப்பு என்றால் சாம்பலுக்குள் மணி தட்டுப்படும். பாவு (நீளவாட்டு நூல்) ஒரு இழை, ஊடை (குறுக்கு நூல்) வேறு இழை என்று இருக்கலாம், அதனால் இரண்டு திசையிலும் இழை உருவ வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விஸ்கோஸும் காகிதம்போலவே எரியும். மூங்கில் மோசடியை இந்தச் சோதனையால் பிடிக்க முடியாது.

முத்திரைகளைப் பொறுத்தவரை, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசச் சான்றான ஜி.ஓ.டி.எஸ். முத்திரையில் "ஆர்கானிக்" என்று மட்டும் இருந்தால் 95 சதவீதமாவது ஆர்கானிக் இழை, "ஆர்கானிக் இழையால் செய்தது" என்றிருந்தால் 70 சதவீதமாவது. ஓகோ-டெக்ஸ் 100 என்பது துணியில் தீங்கான ரசாயனம் மிச்சம் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. பாலியெஸ்டருக்கும் அது கிடைக்கும்.

சாயல்குடிக்காரன்:

எனக்கு இதில் உடன்பாடு குறைவு. லினனுக்கான ஆளிச் செடி பெரும்பாலும் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் விளைகிறது. அங்கிருந்து கப்பலேறி வந்து நூலாகிப் பாம்பன் வருவதில் என்ன பசுமை? மெல்லிய கம்பளி இன்னும் நல்லது. கம்பளி சுமார் 16 சதவீதம் ஈரத்தை ஏற்கும், இரவு தொங்கவிட்டால் சுருக்கம் தானாக நீங்கிவிடும். எதற்கு அடம்? வீட்டில் அப்பாவின் கல்யாண கோட் இருந்தால் அதைப் பிரித்துத் திருத்தித் தைப்பது எல்லாவற்றையும்விட மேல்.

பாம்பன் அக்கா:

சாயல்குடி அண்ணா, அப்பாவின் கோட் பாலியெஸ்டர் கலந்த டெரிகாட்டன், அதிலும் உப்புக்காற்றில் ஓரமெல்லாம் இற்றுவிட்டது. கம்பளியின் குணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தம்பி செடியிலிருந்து வந்த துணிதான் வேண்டும் என்கிறான், அணியப்போகிறவன் அவன். கப்பல் விஷயம் எனக்கும் உறுத்துகிறது. பக்கத்திலேயே ஏதாவது இருக்கிறதா?

எமனேசுவரம் தறி:

இருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர் கரிசல் பக்கம் போய்க் கேளுங்கள், கருங்கண்ணிப் பருத்தி என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். நம் நாட்டுப் பருத்தி இனம். ஆழமாக வேர் விட்டு மானாவாரியில், வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி விளைவது. 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு இந்த இனம் இன்னும் ஓரம்கட்டப்பட்டது. இழை குட்டை என்று ஆலைகள் ஒதுக்கின. மெல்லிய சட்டைக்கு வேண்டுமானால் அது குறை. கோட்டுக்கு எதற்கு மெல்லிய நூல்? குட்டை இழையில் நூல் சற்றுப் பருமனாகவே வரும், துணி தடிமனாக, உயிருள்ள மேடுபள்ளத்தோடு வரும். கோட் துணிக்குக் கேட்பது அதைத்தானே!

எங்கள் குடும்பம் பரமக்குடி வட்டாரத்தில் தலைமுறையாகத் தறியில் இருக்கிறது. எங்கள் தறிகள் சேலைக்கு அமைந்தவை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோட் துணிக்கு நெருக்கம் வேறு, அச்சு மாற்ற வேண்டும், பாவு புதிதாக ஓட்ட வேண்டும். ஒரே ஒரு கோட்டுக்காக யாரும் பாவு ஓட்ட மாட்டார்கள். மாப்பிள்ளைத் தோழர்களுக்கும் சேர்த்து எடுத்தால் கட்டுப்படியாகும். துணியின் அகலத்தை முதலிலேயே தையல்காரரிடம் சொல்லுங்கள். 58 அங்குல ஆலைத் துணியில் மூன்றேகால் மீட்டர் போதுமென்றால், அகலம் குறைந்த கைத்தறித் துணியில் ஐந்து மீட்டருக்கு மேல்கூட ஆகலாம். அவசரம் என்றால் கதர்க் கடையில் கோட் துணி என்றே கேளுங்கள், கிடைக்கும்.

கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பவர்களும் இருக்கிறார்கள். 2006-இலிருந்து கைத்தறி முத்திரை இருக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள். எங்கள் பிழைப்பு அதில் இருக்கிறது.

அரண்மனைவாசல் தையல்:

தறி அண்ணன் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம். கருங்கண்ணியில் கோட் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசை. ஒரு எச்சரிக்கை மட்டும்: பருத்தி கோட்டுக்கு லினன் அளவு விறைப்பு இருக்காது, முழங்காலிலும் முழங்கையிலும் உப்பும். பேன்ட்டை இறுக்கமாகத் தைத்தால் ஒரு மணி நேரத்தில் முட்டி தெரியும். இடுப்பில் ஒரு பிளீட் (மடிப்பு) வைத்து, தொடையில் தளர்த்தி, கீழே மெதுவாகக் குறுக்கினால் நிமிர்ந்து நிற்கும். காற்றும் போகும்.

உச்சிப்புளி:

பெண்களுக்கு யாராவது சொல்வீர்களா? வங்கியில் அதிகாரி நான். பயிற்சிக்கும் கூட்டங்களுக்கும் கோட்டும் பேன்ட்டும் வேண்டியிருக்கிறது. கடைகளில் கிடைப்பதெல்லாம் இழுத்தால் நீளும் பாலியெஸ்டர். பையே இருப்பதில்லை.

திருப்பூர் ஆய்வகம்:

உச்சிப்புளி அக்கா, லினன், லையோசெல் கலப்பு எடுத்து ஆண்களுக்கு கோட் தைக்கும் தையல்காரரிடமே கொடுங்கள். சேலைக்கு ஜாக்கெட் தைப்பவரிடம் வேண்டாம். மார்பு டார்ட்டை (உடம்புக்கேற்பப் பிடிக்கும் தையலை) மட்டும் தோளிலிருந்து இறக்கச் சொல்லுங்கள், லேப்பல் (கோட்டின் மார்பில் மடிந்து விழும் பகுதி) வளையாமல் விழும். நீளும் துணி வேண்டாம். நீள்வது எலாஸ்டேன் கலந்திருப்பதால், அது பிளாஸ்டிக் வகை. பையை நீங்கள் கேட்ட இடத்தில் வைப்பார்கள்.

பாம்பன் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் சில சந்தேகம். நிறம் எது? தையல் நூல் எது? அதைவிட முக்கியம், துவைப்பது எப்படி? எங்கள் வீட்டுக் கிணறு உப்பு.

கீழக்கரை காக்கா:

நிறத்துக்கு நான் சொல்கிறேன். வெளிர் சாம்பலும் வெளிர் நீலமும் வேண்டவே வேண்டாம், வியர்வை பட்ட இடம் வரைபடம்போல் தெரியும். கரு நீலம், அல்லது சந்தன நிறம். பாம்பன் வெயிலில் தூய வெள்ளை புகைப்படத்தில் வெளிச்சம் மிகுந்து வெளுத்துவிடும். துணியின் நெசவு தெரியாது, முகம் கறுத்துவிடும்.

எமனேசுவரம் தறி:

கரு நீலத்துக்கு அவுரிச் சாயம் போடலாம், விழுப்புரம் பக்கம் இன்னும் அவுரி விளைகிறது. ஆனால் அவுரி உரசினால் ஒட்டும். வெள்ளைச் சட்டைக் காலரில் நீலம் ஏறாமலிருக்க, துணியை வெட்டும்முன் பல தண்ணீர் அலச வேண்டும். கழுத்து டையோ கைக்குட்டையோ சிவப்பில் வேண்டுமென்றால் சாயவேர் இருக்கிறது. இந்த மணற்கரையில் விளைந்த செடிதான் அது. ஒரு காலத்தில் இராமேசுவரம் பக்கத்துச் சாயவேருக்குத் தனி மதிப்பு.

அரண்மனைவாசல் தையல்:

நூல்: பருத்தி நூலில் முழுதும் தைக்கலாம், பேன்ட்டின் இருக்கைத் தையலைத் தவிர. அங்கே இழுவை அதிகம். பாலியெஸ்டர் உள்ளிழையைப் பருத்தி சுற்றிய நூலை அந்த ஒரு தையலுக்கு மட்டும் போட அனுமதி கொடுங்கள். தேவாலயத்தில் முழங்காலிடும்போது விட்டுவிட்டால் நான் எந்த முகத்தோடு உங்களைப் பார்ப்பேன்?

துவைப்பது: வெட்டும்முன் துணியை ஓர் இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். லினனும் கைத்தறிப் பருத்தியும் முதல் நனைப்பில் சுருங்கும். கேன்வாஸையும் கிராஸ் பட்டியையும்கூட நனைத்து எடுப்பேன். வெளித்துணி சுருங்காமல் உள்துணி மட்டும் சுருங்கினால் கோட் கோணிக்கொள்ளும். இப்படிச் செய்துவிட்டால் பசை இல்லாத இந்தக் கோட்டை வீட்டிலேயே தொட்டியில் அமிழ்த்தித் துவைக்கலாம், முறுக்காமல் தண்ணீர் வடிய விட்டு. உப்புத் தண்ணீரில் துவைத்தாலும் கடைசி அலசலுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரை எடுத்து வையுங்கள். துணியில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கோட் எப்போதும் நசநசவென்று இருக்கும், பூஞ்சையும் பிடிக்கும்.

கடையில் தரும் பிளாஸ்டிக் உறையை அன்றே எடுத்துவிடுங்கள். பழைய பருத்தி வேட்டியில் ஓர் உறை தைத்துத் தருகிறேன். கஞ்சி போட்டு மடித்து வைக்கவே கூடாது; கம்பளியை அந்துப்பூச்சி தின்னும், கஞ்சி போட்ட துணியை இராமபாணப் பூச்சி தின்னும். கொக்கியும் ஜிப்பும் பித்தளையில் வாங்கி வாருங்கள், நம் காற்றில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது.

சாயல்குடிக்காரன்:

கம்பளி பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் கருங்கண்ணி என்றால் நான் எதிர்க்க மாட்டேன். எங்கள் தாத்தா போட்ட வெள்ளாமை அது. மற்ற உறவினர்களிடம் ஏற்கெனவே இருக்கும் பாலியெஸ்டர் கோட்களைத் தூக்கிப் போட வைக்காதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர் ஆய்வகம்:

அதில் அண்ணனோடு நான் முழுதும் உடன்படுகிறேன். இருப்பதைக் கிழியும்வரை அணியட்டும். அடிக்கடி துவைக்காமல் வெறுமனே காற்றில் உலர்த்தினாலே இழை கழல்வது குறையும்.

பாம்பன் அக்கா:

தம்பியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முடிவு இது: கோட்டும் பேன்ட்டும் கருங்கண்ணிக் கைத்தறியில், அவுரிக் கரு நீலம். தோழர்கள் நான்கு பேரும் அதே பாவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள், அவர்களுக்குச் சாயமிடாத பஞ்சின் நிறம். முதுகில் லைனிங் கிடையாது, தைத்த கேன்வாஸ், சிரட்டைப் பொத்தான். அந்த ஒரு தையலுக்கு அனுமதி உண்டு அண்ணா. தறி அண்ணா, மார்ச் முடிவதற்குள் துணி கைக்கு வருமா?

எமனேசுவரம் தறி:

ஐந்து பேருக்கு என்றால் பாவு ஓட்டலாம் அம்மா. நூல் கிடைத்துவிட்டது என்று உறுதியான பிறகே நாள் சொல்வேன், இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன். முதலில் ஒரு முழம் நெய்து, பாதியை அவுரியில் தோய்த்து, தையல்காரர் கைக்கு அனுப்புகிறேன். அவர் நனைத்து, இஸ்திரி போட்டுப் பார்த்து நெருக்கம் போதும் என்று சொன்னால் மீதியை நெய்கிறோம். தாமதமானால் பிப்ரவரி நடுவிலேயே சொல்லிவிடுவேன். அப்போது நீங்கள் காக்கா சொன்ன கனமான லினனுக்குப் போகலாம்.

அரண்மனைவாசல் தையல்:

அந்த முழத்தில் ஒரு லேப்பலும் ஒரு பையும் தைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தம்பியை ட்ரையலுக்கு அழைத்து வரும்போது அன்று அணியப்போகும் சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், பேன்ட் நீளம் ஷூவைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். மதிய வெயிலில் வரட்டும். வியர்த்த உடம்பில் கோட் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.